பாவமில்லா நாட்கள்

பிராங்க்ளின் கடைசியாகப் பாவம் செய்து ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று நாள் ஆகிறது என்று சபையில் மாட்டியிருந்த பலகை சொன்னது. அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மனைவி சரிதா, இடது காதோரம் பதிந்திருந்த மூன்று விரல் தடத்தை மறைக்க முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முக்காடு போடுவது சபை வழக்கம் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடி வாங்குகிறவளுக்கு அந்தச் சபையில் கிடைத்த ஒரே சௌகரியம் அதுதான்.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெய்வேலிப் பக்கம் எங்கே வேலை நடந்தாலும் வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை நிற்கும். கீழே தினமும் அழித்து எழுதுகிற எண். பாஸ்டர் அன்புச்செல்வன் ஊழியத்துக்கு வருமுன் வடக்கே எங்கோ ஒரு சிமெண்டு ஆலையில் சேப்டி சூப்பர்வைசராக இருந்தவர். மந்தாரக்குப்பம் தாண்டி முந்திரித் தோப்போரம் தகரக் கொட்டகை போட்டுச் சபை ஆரம்பித்தபோது, தனக்குத் தெரிந்த வழியிலேயே ஆத்துமாக்களையும் காப்பாற்றலாம் என்று நினைத்தார். மேலே ‘பாவமில்லா நாட்கள்’ என்று தலைப்பு, கீழே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களின் பெயர், பெயருக்கு நேரே எண். ஞாயிறுதோறும் ஒவ்வொருவராக எழுந்து தன் எண்ணைச் சொல்லிச் சாட்சி கொடுக்க வேண்டும். இதுவரை ஒருவர் எண்ணும் பின்னால் போனதில்லை. அந்தச் சிமெண்டு ஆலையிலும் அப்படித்தானாம். ஒருத்தனுக்கு விரல் துண்டானால்கூட லீவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், பலகைக்கு நோகக் கூடாது பாருங்கள். இதைப் பாஸ்டரே சிரித்துக்கொண்டு சொல்வார். சொன்னவருக்கும் உறைக்கவில்லை, கேட்டவர்களுக்கும் உறைக்கவில்லை.

பிராங்க்ளின் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை மண்வெட்டியால் அள்ளி அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்த முதுகுக்குச் சாராயம்தான் மருந்து என்று பதினான்கு வருஷம் குடித்தான். குடித்துவிட்டு அடித்தான். ஒரு தடவை சரிதாவின் தோள்பட்டை எலும்பை உடைத்தான். ஆனால் குடிகாரனுக்குக் காலை என்று ஒன்று உண்டு. விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து செருப்பால் தன் கன்னத்திலேயே அடித்துக்கொள்வான். “நான் மனுசனே இல்ல சரிதா, நாயி” என்று அழுவான். சாயங்காலம் பிரியாணிப் பொட்டலத்தோடு வருவான். அந்த அழுகையையும் பிரியாணியையும் வைத்துக்கொண்டு அவள் ஒரு பத்து நாள் ஓட்டிவிடுவாள்.

பிறகுதான் இரட்சிப்பு வந்தது. மைன்ஸிலிருந்து பம்ப் வைத்து இறைத்து வெளியே விடும் தண்ணீர் ஓடுகிற பெரிய வாய்க்காலில், புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளை உடுத்தி ஒரே நாளில் முழுகி எழுந்தார்கள். குறிஞ்சிப்பாடி நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்து, காதல் என்று இவன் பின்னால் வந்தவள் சரிதா. எந்தச் சாமியானாலும் சரி, அடியை நிறுத்தினால் போதும் என்றுதான் அவள் தண்ணீரில் இறங்கினாள். அடி நின்றது. குடி நின்றது. இரண்டரை வருஷம் அந்த வீட்டில் ஒரு தட்டு உருண்டு விழுந்த சத்தம்கூட இல்லை.

போன கார்த்திகையில், மழை நாளில், முதல் அடி விழுந்தது. அவள் இட்லி மாவு ஆட்டி விற்பவள். கரண்ட் போய் மாவு பாதியில் நின்றதால் உபவாசக் கூட்டத்துக்கு வர முடியாது என்றாள். அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. வாயில் வெற்றிலை வாசம்கூட இல்லை. அறைந்தான். மறுநாள் விடிகாலையில் சரிதா பழைய பழக்கத்தில் காத்திருந்தாள். அவன் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தான், நாலு இட்லி சாப்பிட்டான், சட்னியில் உப்புக் கம்மி என்றான், ஷிப்ட்டுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் அவளே கேட்டாள்.

“நேத்து என்ன அடிச்சீங்களே…”

“ஆமா.”

“ஒண்ணும் சொல்லலயே.”

“என்னா சொல்லணும்?”

“தப்புன்னு ஒரு வார்த்த.”

அவன் கோபப்படவில்லை. இரட்சிக்கப்பட்ட பிறகு அவளை ‘டீ’ போட்டுப் பேசியதே இல்லை. “தப்பு பண்ணாதான சரிதா தப்புன்னு சொல்லணும்? அந்தப் பழைய பிராங்க்ளின் செத்துட்டான். அவன வாய்க்கால்லயே பொதச்சாச்சு. தேவனால பொறந்தவன் பாவம் பண்ண மாட்டான். பண்ணணும்னு நெனச்சாக்கூட முடியாது. வேதத்துல இருக்குது.”

“அப்ப நேத்து என் மூஞ்சில வுழுந்தது என்னா?”

“சிட்சை. அப்பன் புள்ளயத் திருத்தறதில்லயா? அன்பு இருக்கற எடத்துலதான் அது இருக்கும்.”

இந்த மனுஷனுக்கு இனிமேல் காலையே கிடையாது என்று சரிதாவுக்கு அன்றைக்குப் புரிந்தது. அன்றிரவு, முந்தின நாள் அடிபட்ட கன்னத்தைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அதற்கப்புறம் மாதம் ஒன்று, இரண்டு என்று விழுந்துகொண்டிருந்தது. கைக்குப் பதில் ரப்பரும் வந்தது. தேய்ந்து கழித்துப் போட்ட பெல்ட் ரப்பர் அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் கிடக்கும்; வாசலில் மிதியடி, ஆட்டுக்கொட்டிலில் தடுப்பு. பிராங்க்ளின் அதிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு முழம் அறுத்து, வசனக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தான்.

திங்கட்கிழமை காலையில் பின்கட்டில் சரிதா இட்லிப் பானைக்கு முந்திரிக் கட்டையைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டிருந்தாள். ஆடிக் காற்று புகையையும் சாம்பலையும் அவள் மேலேயே திருப்பிக் கொட்டியது. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி மாவு வாங்கத் தூக்குவாளியோடு வந்தவள் அவள் காதைப் பார்த்தாள்.

“காது என்னாடி வீங்கிகினு இருக்குது?”

“செவுத்துல இடிச்சுகினேன்க்கா.”

“உங்க வூட்டு செவுருக்கு வெரலு வேற மொளச்சிருக்குதா?”

சரிதா மாவை மொண்டு ஊற்றினாள். பெரியநாயகி போகவில்லை. கட்டையை எடுத்து அடுப்பில் திருத்தி வைத்தாள்.

“எங்க வூட்டு மனுசனும் ஒரு காலத்துல அடிச்சவருதான். இல்லங்கல. ஆனா வருசா வருசம் தீ மிதிக்கசொல்ல, ‘ஆத்தா, நான் பண்ணதெல்லாம் பொறுத்துக்கோ’ன்னு ஊரே கேக்கறாப்புல கத்துவாரு. மறுநாளு மறுபடியும் பண்ணுவாரு, அது வேற. ஆனா பண்ணேன்னு ஒத்துக்குவாரு.”

“இவரு ஒத்துக்கினா அந்த நம்பரு அழிஞ்சிடும்க்கா. வர ஞாயித்துக்கெழம இவர சபைப் பெரியவரா, மூப்பரா அபிஷேகம் பண்றாங்க. சபை ஆம்பளைங்கள்லயே இவரு நம்பருதான் பெருசு.”

“நீ நம்பருக்கு வாக்கப்பட்டியா, ஆம்பளக்கி வாக்கப்பட்டியா?”

“என்ன வுடுக்கா. மெர்லின் மேல கைய வைக்காம இருந்தா போதும். நான் எப்படியோ தாங்கிக்குவேன்.”

மெர்லின் அவர்களுடைய ஒரே பெண். பதினைந்து வயது, பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் அவள் துப்பட்டா இல்லாமல் வாசல் பெருக்கியதைப் பார்த்து பிராங்க்ளின் ஆணியில் இருந்த ரப்பரை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில்தான் சரிதாவின் தூக்கம் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் பாஸ்டரைப் போய்ப் பார்த்தாள். பாஸ்டர் அன்புச்செல்வன் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“இரட்சிக்கப்பட்டவரு பாவம் பண்ண முடியுங்களாய்யா?” என்று கேட்டாள் சரிதா.

“முடியாது சிஸ்டர். பண்ணா, அவரு மறுபடி பொறக்கவே இல்லன்னு அர்த்தம். பிரதர் பொறக்கலன்னு சொல்றீங்களா? நானே என் கையால தண்ணியில முக்குனேன். எந்திரிச்சப்ப அந்த முகத்த நீங்களுந்தான பாத்தீங்க?”

“பாத்தேங்கய்யா. ஆனா ரெண்டு நாளா இந்தக் காது கேக்க மாட்டேங்குது.”

அவர் அந்தக் காதை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு திரும்பிப் பலகையைப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பெயர், முப்பத்தெட்டு எண். ஒன்று சரிந்தால் மற்றவையும் சரியும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

“ஒரு மூணு நாளு உபவாசம் எடுங்க சிஸ்டர். உங்களுக்குள்ள இருக்கற ஏதோ ஒண்ணுதான் அவரத் தூண்டுது. அது போகட்டும்.”

சரிதா தண்ணீர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். உபவாசமும் இருந்தாள். அடி வாங்கினதும் போதாதென்று பட்டினியும் கிடந்தாளே என்று நமக்குத்தான் ஆத்திரம் வருகிறது. அவள் நம்பித்தான் இருந்தாள்.

வியாழக்கிழமை தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டதில் மெர்லின் தோழிகளோடு வரிசையில் நின்று, முருங்கைக்கீரையைத் தொட்டுக்கொண்டு இரண்டு சொம்புக் கூழ் குடித்துவிட்டு வந்தாள். ஷிப்ட் முடிந்து வந்திருந்த பிராங்க்ளின் அவள் சட்டையில் சிந்தியிருந்த கேழ்வரகுக் கறையைப் பார்த்தான்.

“எங்க குடிச்ச?”

“கோயில்லப்பா. எல்லாரும் குடிச்சாங்க.”

“வெக்கிரகத்துக்குப் படைச்சத வயித்துல வச்சிகினு இந்த வூட்டுக்குள்ள வந்தியா?”

முதலில் அவளை முற்றத்துக்கு இழுத்துப்போய், தலையைக் குனிய வைத்து, தொண்டைக்குள் விரலை விட்டான். கூழ் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, பிறகு பித்தமும் வந்தது. சரிதா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். முழங்கையால் ஒரே தள்ளு. அம்மிக்கல்லில் அவள் இடுப்பு மோதியது. அவன் உள்ளே போய் ரப்பரை எடுத்து வந்தான். குரலில் பதற்றமே இல்லை.

“பன்னெண்டுதான் மெர்லின். பன்னெண்டு சீஷருக்குப் பன்னெண்டு. அப்பறம் நாம மூணு பேரும் ஜெபம் பண்ணலாம்.”

கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு… ஸ்தோத்திரம். ரெண்டு… ஸ்தோத்திரம்.”

பெண் கத்தவில்லை. சடையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மூன்றாவதில் சட்டை கிழிந்தது. நாலாவதில் ரத்தம் தெரிந்தது. ஐந்து. சரிதா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அடுப்பில் எரிந்துகொண்டிருந்த முந்திரிக் கட்டையை உருவினாள். நுனியில் கங்கு இருந்தது.

“ஆறு…”

ஸ்தோத்திரம் சொல்ல அவனுக்கு வாய்க்கவில்லை. ஓங்கிய வலது கையில் கட்டை இறங்கியது. காய்ந்த கிளை ஒடிகிற சத்தம்தான். ரப்பர் விழுந்தது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம், பெண்ணுக்கு அதற்கு மேல் அடி விழாது. நிறுத்தவில்லை. தொடையில் ஒன்று வைத்தாள். அவன் சுருண்டு விழுந்ததும் முதுகில் வைத்தாள். கங்கு பட்ட இடத்தில் பனியன் பொசுங்கியது. தவழ்ந்து கட்டிலடியில் புகுந்தவனின் காலை இழுத்து முழங்காலில் ஒன்று வைத்தாள். பதினேழு வருஷத்து அடி அவள் தோளிலிருந்து இறங்கி இறங்கி வந்தது. அவளுக்கு இனித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

மெர்லின்தான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். “அம்மா, போதும்மா! செத்துருவாரும்மா!”

கட்டிலடியிலிருந்து அவன் கத்தினான். “பாவி! கட்டுன புருசன… பாவி!”

சரிதா கட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

“யாரு பாவி? நீங்க முழுகுன அன்னைக்கே, அதே வாய்க்கால்லதான் நானும் முழுகுனேன். இன்னிக்கு எனக்கும் ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு. என்னாலதான் பாவம் பண்ண முடியாதே?”

அவன் முனகினான்.

“இது சிட்சைங்க,” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே யாரோ சிரித்ததுபோல் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, சரிதா வாயைத் திறப்பதற்குள் பிராங்க்ளின் முந்திக்கொண்டான்.

“வண்டியில வந்தேன் சார். ஸ்பீடு பிரேக்கர்ல வுழுந்துட்டேன்.”

மாவுக்கட்டுப் போட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவன் அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினான். வலியில் உதடு வெளுத்திருந்தது.

“யாருகிட்டயும் சொல்லாத. உன் நம்பரும் போயிடும், என் நம்பரும் போயிடும்.”

“போனா போவுது.”

“உனக்குத் தெரியாது சரிதா. ஒரு பாவம்னு ஒத்துக்கினேன்னு வச்சிக்க, நான் பொறக்கவே இல்லன்னு ஆயிடும். அப்ப இது யாரு? அந்தப் பழையவன்தான. மறுபடியும் ஒயின் ஷாப் வாசல்ல கெடப்பேன். எனக்கு பயமா இருக்குது.”

பதினேழு வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் நிஜம் அதுதான். சரிதாவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரண்டு நாள் அவளே இட்லியைப் பிட்டு அவன் வாயில் ஊட்டினாள். அவனும் சாதுவாக வாங்கிக்கொண்டான். வீடு அமைதியாக இருந்தது. அவன் உடைத்ததற்கு இவள் உடைத்தாயிற்று, இவளை மறைத்து அவன் பொய் சொன்னதற்கு அவனை மறைத்து இவளும் வாயை மூடிக்கொள்ளலாம், கணக்கு நேராகிவிடும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. எத்தனையோ குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அந்த இனிப்பு நாக்கிலிருந்து போகவில்லை. கட்டையைத் தொடும்போதெல்லாம் கை குறுகுறுத்தது. இது பாவம் இல்லையென்றால் உலகத்தில் எதுதான் பாவம் என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மோர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது பிராங்க்ளின் சொன்னான்:

“கட்டுப் பிரிக்க ஆறு வாரமாம். பிரிச்சதும் மெர்லினுக்கு மிச்சம் ஏழு இருக்குது. பாதியில வுட்டா சிட்சை பலிக்காது.”

சரிதாவின் கை பாதி வழியில் நின்றது. உருண்டையைத் திரும்பத் தட்டிலேயே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. அபிஷேக எண்ணெய், புதுச் சால்வை, கேசரி எல்லாம் தயாராக இருந்தன. தகரம் காய்ந்து உள்ளே அனல் இறங்கியது. பிராங்க்ளின் மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு எழுந்தான். ஆயிரத்து நூற்று ஐம்பது என்று எண்ணைச் சொன்னான். பிசாசு தன்னை வண்டியிலிருந்து தள்ளிவிட்டதையும், கர்த்தர் உயிரைக் காத்ததையும் சாட்சியாகச் சொன்னான். “அல்லேலூயா” என்றது சபை.

“அடுத்து சிஸ்டர் சரிதா,” என்றார் பாஸ்டர்.

சரிதா எழுந்தாள்.

“என் நம்பரு பூஜ்யங்கய்யா.”

பாஸ்டர் சாக்குக்கட்டியோடு அப்படியே நின்றார். “சரியாச் சொல்லுங்க சிஸ்டர். ஆயிரத்து நூத்தி அம்பது.”

“இல்லங்கய்யா. வியாழக்கெழம சாயங்காலம் முந்திரிக் கட்டையால எம் புருசன் கைய ஒடச்சேன். அவரு வண்டியிலேர்ந்து வுழுல. எம் பொண்ண ரத்தம் வர அடிச்சிகினு இருந்தாரு, அதத் தடுக்கத்தான் மொத அடி. மீதி மூணு அடி எனக்கு ஆசையா இருந்துச்சுன்னு அடிச்சது. அது பாவம். நான் கர்த்தருகிட்ட மன்னிப்புக் கேட்டுகினேன். உங்க எல்லாருக்கும் முன்னாடியும் கேக்கறேன்.”

பாஸ்டரின் குரல் தாழ்ந்தது.

“அப்ப நீங்க மறுபடி பொறக்கவே இல்லன்னு சபை முன்னால சொல்றீங்க. யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“இருக்கட்டுங்கய்யா. பொறக்காதவளாவே இருந்துட்டுப் போறேன். ஆனா பண்ணத பண்ணலன்னு சொல்ல மாட்டேன்.”

பாஸ்டர் பிராங்க்ளின் பக்கம் திரும்பினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவன் தப்பித்துக்கொள்ள அவரே வழியையும் போட்டுக் கொடுத்தார்.

“பிரதர், நீங்க சொல்லுங்க. வண்டியிலேர்ந்து வுழுந்ததுதான?”

பிராங்க்ளின் பலகையைப் பார்த்தான். சால்வையைப் பார்த்தான்.

“வுழுந்ததுதாங்கய்யா. கொஞ்ச நாளா அவ மனசு சரியில்ல. அவளுக்காக ஜெபம் பண்ணுங்க.”

முன்வரிசையில் இரண்டு பேர் “ஸ்தோத்திரம்” என்றார்கள். பெருமூச்சோடு சபை தளர்ந்தது. அப்போதுதான் பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து மெர்லின் எழுந்தாள். முதுகுக் காயம் இழுத்ததில் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்க முடிந்தது.

“அப்பா, இப்ப சொன்னீங்களே, அதுக்குப் பேரு என்னா?”

அவன் அவளை முறைத்தான். “உக்காரு.”

“நானும் அந்த எடத்துலதான் இருந்தேன். அம்மா அடிச்சத நான் பாத்தேன். இப்ப நீங்க இங்க நின்னுகினு சொன்னீங்களே, அது சிட்சையாப்பா?”

நாற்பது பேர் பார்த்திருக்க அவன் இரண்டு எட்டு வைத்து அவள் முன்னால் போனான். நல்ல கை, இடது கை, தானாக ஓங்கியது. மெர்லின் முகத்தைத் திருப்பவில்லை. குழந்தை வைத்திருந்த ஒருத்தி “ஐயோ” என்றாள். பாஸ்டர் கையிலிருந்த சாக்குக்கட்டி விழுந்து உடைந்தது.

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. பிராங்க்ளின் அதை அண்ணாந்து பார்த்தான். யாருடைய கை இது என்று கேட்பதுபோல் பார்த்தான். அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தான். இறக்குவதற்கு அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. இறங்கிய பிறகு அவன் உதடு அசைந்தது.

“பாவம்,” என்றான். பக்கத்தில் நின்ற மெர்லினுக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது.

சரிதா பாயைத் தாண்டி வந்து மகளைத் தன் பின்னால் தள்ளி நிறுத்திக்கொண்டாள். அவள் முகத்தில் இரக்கம் துளிகூட இல்லை.

“சத்தமா சொல்லுங்க,” என்றாள்.